நெல்லைச் சீமையில் பழைய சாமான் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய பொருள் மேல் பித்து உள்ளவன் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் போதும், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எங்க ஆச்சி வீட்ல ஒரு விளக்கு கிடக்கு, என்ன பெறும்?” என்று ஆரம்பிப்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்றும் ஒரே ஜில்லாவாக இருந்த பரப்பைத்தான் நெல்லைச் சீமை என்கிறேன். விலையைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. பொருளைக் கையில் எடுத்ததும் எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் நிறைய இருக்கும்.

பழைய சாமான் வாங்க நெல்லையில் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும்?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு மாதிரி வரிசையாகக் கடை போட்ட தெரு நம்மூரில் கிடையாது. இது குறையும்தான், வசதியும்தான். இங்கே எல்லாம் சிதறிக் கிடக்கிறது. நெல்லையப்பர் கோவில் இருக்கிற டவுனில் ரத வீதிகளைச் சுற்றியுள்ள பாத்திரக்கடைகளில் புதுப் பாத்திரத்துக்கு மாற்றாக வந்த பழையது பின்கட்டில் குவிந்திருக்கும். பழைய இரும்புக்கடைகளில் பூட்டு, தராசு, தையல் மிஷின் கால், சைக்கிள் டைனமோ எல்லாம் கிடக்கும். வீடு இடிக்கிற இடங்களில் இருந்து கதவு, நிலை, தூண் வாங்கி விற்கிற மரக்கடைகள் ஊருக்கு வெளியே சாலையோரம் இருக்கின்றன. பாளையங்கோட்டை பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் நிறைந்த ஊர். ஒரு வாத்தியார் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குக் கிளம்பினால் புத்தகம் எல்லாம் எடைக்குப் போய்விடும்.

நல்ல சரக்கு கடைக்கு வருவதற்கு முன்பே வீட்டிலிருந்து கைமாறிவிடுகிறது என்பதும் உண்மை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பழைய வீடுகளில் அரங்கும் (உள்ளறை) மச்சும் (மேல்பரண்) இன்னும் முழுசாகக் காலியாகவில்லை. அங்கே வழி காட்டுகிறவர்கள் தரகர்கள் அல்ல, சொந்தக்காரர்கள். தெரு முழுக்க “பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று கூவிக்கொண்டு போகிறவரோடு பழகி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் எது கிடக்கிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் ஊரில் இருக்க மாட்டார்.

எந்த மாதம் நல்ல மாதம்?

மார்கழி கடைசி. பொங்கலுக்கு வெள்ளை அடிக்க மச்சை ஒழிக்கும்போது, வருஷம் முழுக்க யாரும் தொடாத பெட்டி பட்டாசலுக்கு, அதாவது கூடத்துக்கு, இறங்கி வரும். அடுத்தது சித்திரை, வைகாசி. அப்போது பள்ளி விடுமுறை. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து பூர்வீக வீட்டை என்ன செய்வது என்று பேசி முடிவெடுக்கும் காலம். பல வீடுகள் சேர்ந்திருக்கும் வளவில் ஒரு வீடு இடிபட்டால் அடுத்தடுத்து இரண்டு இடிபடும்.

ஆனித் தேரோட்டத்தை ஒட்டி டவுனில் கடைகள் முளைக்கும். ஆனால் அதெல்லாம் புதுச்சரக்கு. அதைத் தேர் பார்க்கப் போகிற சாக்கில் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

பித்தளையா, வெண்கலமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

தட்டிப் பாருங்கள். பாத்திரத்தை உள்ளங்கையில் தாங்கி, விரல் மூட்டால் விளிம்பில் ஒரு தட்டு. வெண்கலமாக இருந்தால் ஒலி எழுந்து நெடுநேரம் நிற்கும். பித்தளை ‘டொக்’கென்று சுருக்கமாக முடித்துக்கொள்ளும். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது வெண்கலம், செம்போடு துத்தநாகம் சேர்ந்தது பித்தளை. கீழே போட்டால் பித்தளை நசுங்கும், வெண்கலம் விரிசல் விடும். அதனால் வெண்கல உருளியில் விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். முடி அளவு விரிசல் இருந்தாலும் ஒலி காட்டிக் கொடுத்துவிடும், தட்டினால் கரகரக்கும்.

பழைய செப்புக்குடம், பித்தளைக்குடம் கிடைத்தால் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வயிற்றுப் பகுதியில் இரண்டு தகடுகள் சேரும் இடம் தெரியும். அக்காலத்துப் பாத்திரத் தொழிலாளர்களான கன்னார்கள் தகட்டின் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பற்றவைத்திருப்பார்கள். வெளியே எவ்வளவு துலக்கினாலும் மங்கலான ஒரு பல் வரிசை கோடாகத் தெரியும். மிஷினில் அழுத்தி எடுத்த புதுக் குடத்தில் இது இருக்காது. பழசு மாதிரி கறுப்பேற்றி விற்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் இந்தக் கோட்டைத் தேடுங்கள்.

பாத்திரத்தில் யாரோ ஒருவர் பெயர் வெட்டியிருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்தப் பெயர்தான் பாத்திரத்தின் ஜாதகம்.

நம் பக்கத்தில் சீர்ப் பாத்திரம் என்றால் பெயர் வெட்டாமல் போகாது. சின்ன உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி, இனிஷியல், பெயர், சில சமயம் ஊர், அதற்கும் கீழே ஒரு தேதி. கோவிலுக்கோ மடத்துக்கோ கொடுத்ததாக இருந்தால் ‘உபயம்’ என்றிருக்கும். அப்படி இருந்தால் எப்படிக் கடைக்கு வந்தது என்று கேளுங்கள். சரியான பதில் வரவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

தேதியில்தான் ரசம் இருக்கிறது. 1098 என்று வெட்டியிருப்பதைப் பார்த்து, ஆயிரம் வருஷத்துச் சொம்பு என்று குதித்தவர்கள் உண்டு. அது கொல்லம் ஆண்டு. மலையாளத்துக்காரர்களைப் போலவே நெல்லைச் சீமையிலும் பத்திரம், கல்வெட்டு, பாத்திரம் எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டு போடும் வழக்கம் இருந்தது. ஆவணி முதல் மார்கழி நடுவரை என்றால் 824, அதற்கு மேல் ஆடி வரை என்றால் 825 கூட்டிக்கொள்ளுங்கள். ஆக, கொல்லம் 1098 என்பது 1922 ஆகஸ்டிலிருந்து 1923 ஆகஸ்ட் வரை. நூறு வருஷம் ஆகிவிட்டது, அது போதாதா?

வெறும் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் கொஞ்சம் கஷ்டம். ‘விரோதி’ என்றால் 1949ஆகவும் இருக்கலாம், 2009ஆகவும் இருக்கலாம், 1889ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும். எழுத்தின் வடிவத்தையும் உலோகத்தின் தேய்மானத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவுக்கு வர வேண்டியதுதான்.

தேதியே இல்லாத பொருளுக்கு வயது சொல்ல முடியுமா?

ஒரு வரி எழுத்து இருந்தால் போதும். கடைப் பெயர் அச்சடித்த டப்பா, ரப்பர் முத்திரை குத்திய புத்தகம், கல்யாணப் பத்திரிகை, பழைய பில் என எதுவானாலும் சரி. நான் பார்க்கிற வரிசை இது.

விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தியது. அந்த வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதிதான் நூறு காசு ஒரு ரூபாய் ஆனது. ‘நயா பைசா’ என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். முகவரியில் ‘மதராஸ் ஸ்டேட்’ என்று இருந்தால் 1969க்கு முன்பு. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு. ‘லை’, ‘னை’ எழுத்துகளில் முன்னால் யானைத் துதிக்கை போல மேலே எழும் பழைய கொம்பு இருந்தால், பெரும்பாலும் 1978ஆம் வருஷத்து எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். கையில் இருந்த பழைய ஈய எழுத்தைத் தூக்கிப் போட மனமில்லாமல் அதற்குப் பிறகும் சில அச்சகங்கள் ஓட்டிக்கொண்டிருந்தன.

எனக்குப் பிடித்த தடயம் நம்ம ஊருக்கே உரியது. முத்திரையில் ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்று இருக்கிறதா? 1986இல் தூத்துக்குடி தனியாகப் பிரிந்தபோது வந்த பெயர் அது. தூத்துக்குடிக்கு ‘சிதம்பரனார் மாவட்டம்’. 1997இல் மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்துவிட்டார்கள். ஆக அந்த முத்திரை விழுந்தது பதினோரு வருஷ இடைவெளிக்குள். இவ்வளவு கச்சிதமாக வயது சொல்லும் பொருள் வேறு எங்கே கிடைக்கும்!

பழைய பாத்திரத்தில் சமைக்கலாமா?

வெண்கலப் பானையில் பொங்கல் வைக்கலாம். பித்தளை, செம்பு என்றால் உள்ளே ஈயம் பூசாமல் சமைக்கக் கூடாது. புளியும் மோரும் தக்காளியும் செம்பை அரித்து உணவில் இறக்கிவிடும், வயிற்றைப் பிரட்டும். ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகிய வெள்ளீயத்தைத் துணியாலோ பஞ்சாலோ ஒரே சுழற்றில் தடவிவிடுவார். உள்பக்கம் வெள்ளி மாதிரி ஆகிவிடும். காலப்போக்கில் தேய்ந்து மறுபடி மஞ்சள் தெரிந்தால் மறுபடி பூச வேண்டும்.

ஈயச்சொம்பு விஷயத்தில் கவனம். ரசத்துக்கு ஆகிவந்தது வெள்ளீயச் சொம்பு. காரீயம் கலந்திருந்தால் அது விஷம். பழசின் கலவை கண்ணால் பார்த்துத் தெரியாது. தெரியாத ஈயச்சொம்பை அலமாரியில் வைத்து அழகு பாருங்கள். சமைக்க ஆசைப்பட்டால் நம்பிக்கையான கடையில் புதிதாக வாங்குங்கள். காலியாக அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அண்ணன் பெண்டாட்டி வீட்டுச் சீரில் வந்த சொம்பு அடுப்பிலேயே குளமாகிப்போன கதை குடும்பத்துக்கு ஒன்று இருக்கும்.

தாத்தா வீட்டில் மரக்கால், நாழி, உழக்கு எல்லாம் இருக்கிறது. மதிப்பு உண்டா?

முழு செட்டாக இருந்தால் பிரிக்காதீர்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால். நெல்லைச் சீமைக் கணக்கில் இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை. விளைச்சலையும் குத்தகையையும் எல்லாம் கோட்டையில்தான் பேசினார்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி வரிசையாக வைத்தால், பிள்ளைகளுக்குப் பின்னக்கணக்கு சொல்லித்தர அதைவிட நல்ல சாமான் கிடையாது.

மரத்தில் குடைந்து இரும்புப் பட்டையோ பித்தளைப் பட்டையோ போட்டவை அழகு. விளிம்பில் சின்னச் சின்ன முத்திரைகள் அடித்திருக்கும். அளவு சரியாக இருக்கிறது என்று சர்க்கார் ஆள் சோதித்து அடித்தது அது. அந்த முத்திரைகள் வரிசையாக நிறைய இருந்தால் அந்தப் படி கடைப்படி என்று அர்த்தம். வீட்டுப்படிக்கு யாரும் முத்திரை அடித்துக்கொண்டு திரிந்ததில்லை.

ராமர் பட்டாபிஷேகம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு இருக்கிறது, 1818 என்று போட்டிருக்கிறது. லட்சக்கணக்கில் போகுமாமே?

போகாது. இந்தக் கேள்விதான் மிக அதிகமாக வருகிறது, பதிலைக் கேட்டு மிக அதிகமாகக் கோபம் வருவதும் இதற்குத்தான். 1616, 1717, 1818 என்று ராசியான எண்ணாக வருஷம் போட்டு, ராமர், அனுமன், தாமரை எல்லாம் அடித்து, பின்புறம் கம்பெனி பெயரும் அணாவும் போட்ட செப்புத் துண்டுகள் பிற்காலத்தில் விற்பனைக்காகச் செய்தவை. செலாவணியில் இருந்த காசே இல்லை. கம்பெனியின் நிஜமான அரையணா பெரும்பாலும் 1835ஆம் வருஷத்துடையது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் இலை வளையம், அவ்வளவுதான். சென்னை மாகாணத்தில் கம்பெனி அடித்த வராகனில் சாமி உருவம் உண்டு என்று ஒருவர் வாதாடுவார். உண்டு. ஆனால் அது பொட்டுப் போன்ற தங்கக் காசு, உள்ளங்கை அகலச் செம்பு அல்ல.

இதேபோல் ஓட்டைக் காலணா. யுத்தக் காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க 1943 முதல் 1947 வரை நடுவில் துளை போட்டு அடித்தார்கள். ஏராளமாக அடித்ததால் அரிதே இல்லை. பேத்தியின் கொலுசில் கோத்துப் போட்டால் அழகாக இருக்கும்.

வெள்ளி ரூபாயானால் வருஷத்தைப் பாருங்கள். ஒரு ரூபாய் எடை 11.66 கிராம். 1939 வரை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றே முக்கால் பங்குக்குச் சற்றே குறைந்த வெள்ளி, 1940 முதல் பாதிதான் வெள்ளி, 1947ஆம் வருஷத்து ரூபாய் வெறும் நிக்கல். காந்தத்தை நீட்டினால் நிக்கல் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். எந்தக் காசையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், சேகரிக்கிறவர்கள் பளபளப்பைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள்.

செங்கோட்டை ஆச்சியின் சுருக்குப்பையில் ‘சக்கரம்’ என்று குட்டிக் காசு கிடைத்தது. அது என்ன?

அதிர்ஷ்டக்காரர் நீங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. அதனால் தென்காசியில் கிடைக்காத திருவிதாங்கூர்க் காசு கொஞ்ச தூரம் தள்ளிச் செங்கோட்டைப் பெட்டிகளில் கிடைக்கும். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். ஆக ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம். இந்த இருபத்தெட்டை வைத்துக்கொண்டு சந்தையில் எப்படித்தான் மனக்கணக்குப் போட்டார்களோ! வெள்ளிச் சக்கரம் கடுகு மாதிரி நழுவி விழும். எண்ணுவதற்குக் குழி குடைந்த பலகை வைத்திருந்தார்கள். மேலே காசைக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும், மிச்சத்தைத் தள்ளிவிட்டால் கணக்கு முடிந்தது. அந்தப் பலகை எங்காவது கண்ணில் பட்டால் பல்லாங்குழிப் பலகை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

பழைய புத்தகம் எதை வாங்கலாம்?

படிக்க ஆசைப்படுவதை வாங்குங்கள். மற்றபடி நெல்லையில் தேடுகிறவருக்குச் சில தனிச் சந்தோஷங்கள் உண்டு. 1920இல் தொடங்கிய தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் திருநெல்வேலியில் பிறந்தது. அதனால் பழைய கழக வெளியீடுகள் நம் பக்கத்து வீடுகளில் மற்ற ஊர்களைவிட அதிகம். கெட்டி அட்டையும் திருத்தமான அச்சுமாக இருக்கும் அவை. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிகளின் பழைய முத்திரை விழுந்த புத்தகங்கள் வரும். ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் உச்சரித்தபடி ‘டின்னவெல்லி’, ‘பாளம்கோட்டா’ என்று பார்க்கலாம்.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி நம் சீமைக்கு வந்தவர். கரிவலம்வந்தநல்லூரில் அவருக்குக் கிடைத்த பதில், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்பதுதான். எடைக்குப் போகும் மூட்டையைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம் வராமல் இருக்காது. மூட்டையை அவிழ்க்கச் சொல்லிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

வாங்கிய புத்தகத்தை நேராக அலமாரியில் வைக்காதீர்கள். பூச்சி இருந்தால் வீட்டுப் புத்தகத்துக்கும் பரவும். நிழலில் விரித்துத் தட்டி, பக்கங்களுக்கு இடையில் தூரிகையால் துடைத்து, பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் சில நாள் வைத்தால் பூச்சி சாகும். மீனுக்குப் பக்கத்தில் புத்தகமா என்று வீட்டில் கேட்பார்கள். சமாளித்துக்கொள்ளுங்கள்.

இசைத்தட்டு, கிராமபோன்?

கனமாக, தட்டினால் கண்ணாடி மாதிரி ஒலிப்பது 78 சுற்றுத் தட்டு. அரக்கில் செய்தது, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சுமாராக ஓடும். விழுந்தால் உடையும். அதை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது, அரக்கு கரைந்து பாட்டே போய்விடும். வளையக்கூடிய எல்.பி. தட்டு வேறு ஜாதி. கிராமபோனின் இரும்பு ஊசியை அதன் மேல் வைத்தால் ஒரே ஓட்டத்தில் நாசம். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத் தட்டு நம்ம பக்கம் யாருக்குக் கிடைத்தாலும் அவரை நான் பொறாமையோடுதான் பார்ப்பேன். 1964இல் அவர் போய்விட்டார். அந்தக் கீறல் சத்தத்துக்கு நடுவே வருகிற தோடியைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

பளபளக்கும் பித்தளைக் குழாயும், எண்கோணப் பெட்டியும், நாய்ப் படமும் ஒட்டி விற்கிற கிராமபோன்கள் பெரும்பாலும் புதிதாகச் செய்தவை. அலங்காரத்துக்குச் சரி. பழசு என்று விலை கொடுக்காதீர்கள்.

வால்வு ரேடியோ கிடைத்தது. பிளக்கில் சொருகலாமா?

உடனே வேண்டாம். பல வருஷம் கிடந்த ரேடியோவில் கண்டன்சர்கள் கெட்டிருக்கும், நேரே மின்சாரம் கொடுத்தால் புகைந்துவிடும். தெரிந்த மெக்கானிக், மின்சாரம் மட்டுப்பட்டு வரும்படி சீரீஸ் பல்பு போட்டுச் சோதிப்பார். பின் மூடியைக் கழற்றி நீங்களாகக் கை விடாதீர்கள், உள்ளே மின்னழுத்தம் அதிகம், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்று நான் வாங்குவது கண்ணாடி டயலுக்காக. சில டயல்களில் எண்ணுக்குப் பதில் ஊர்ப் பெயர்கள் இருக்கும். அதில் கொழும்பு இருக்கும் இடத்தில் முள் எத்தனை முறை போய் நின்றிருக்கும்! நம்ம பக்கத்தில் மதராஸ் நிலையத்தைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட வீடுகள் அதிகம்.

எச்.எம்.டி. கைக்கடிகாரம் மலிவாகக் கிடைக்கிறதே?

ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கியது, 2016இல் அதன் கடிகாரக் கம்பெனியை மூட முடிவெடுத்தார்கள். சாவி கொடுக்கிற ஜனதா, பைலட் இரண்டுக்கும் கிராக்கி. மலிவாக வருவதில் பாதிக்கு மேல் முகத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்தவை. லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்து தடித்துப் பிசிறடிக்கும், நிமிஷக் கோடுகள் எண்களோடு நேராக நிற்காது. கத்தரிப்பூ நிறத்திலும் கிளிப்பச்சையிலும் டயல் இருந்தால் கேட்கவே வேண்டாம். கொஞ்சம் மங்கிய, கறை விழுந்த அசல் டயலே மேல்.

பழைய தேக்குக் கட்டில், ஈசிச்சேர், கதவு வாங்கும்போது?

முன்பக்கம் பார்க்காதீர்கள், கவிழ்த்துப் பாருங்கள். வார்னிஷ் மேலேதான் இருக்கும், உண்மை அடியில் இருக்கும். இழுப்பறையைக் கழற்றி ஓரங்கள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். மரமுளை அடித்ததா, ஆணியா, பசையா என்று தெரியும். மாவு மாதிரித் தூள் உதிர்ந்தால் உள்ளே இன்னும் புழு வேலை செய்துகொண்டிருக்கிறது. ‘பர்மா தேக்கு’ என்று சொல்லாத மரக்கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. வேங்கையும் பலாவும் பூவரசும் அதே சாயத்தில் தேக்காகிவிடும். ஆனால் நல்ல பலாக் கதவு தேக்குக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. பெயரை வைத்து விலை கொடுக்காமல் மரத்தை வைத்துக் கொடுங்கள்.

இறந்தவர் கட்டில் என்று தயங்குகிறவர்கள் உண்டு. மெத்தை, தலையணை வேண்டாம், அது சுத்தத்தைப் பொறுத்த விஷயம். மரத்துக்கு என்ன தீட்டு? மனசு ஒப்பாதவர்கள் வாங்க வேண்டாம். வாங்கிப்போட்டுவிட்டு ராத்திரி முழுக்க விழித்துக் கிடப்பதில் லாபம் இல்லை.

பழைய சாமி படங்களைத் தூக்கிப் போடலாமா?

போடும் முன் கீழ் மூலையைப் பாருங்கள். கோவில்பட்டியில் இருந்து வரைந்த சி. கொண்டையராஜுவின் கையெழுத்தோ அவர் சிஷ்யர்கள் கையெழுத்தோ இருக்கலாம். 1976இல் மறைந்தவர் அவர். சிவகாசி அச்சில் காலண்டராக வந்து வீடு வீடாகப் பூஜையறையில் ஏறின அந்த முருகனையும் மீனாட்சியையும்தான் நம்மில் பலருக்குக் கண்ணை மூடினால் தெரியும். கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு வைத்திருங்கள்.

பத்தமடைப் பாய் பழசு வாங்கலாமா?

நைசான பட்டுப்பாயாக இருந்தால் வாங்கலாம். துணி மாதிரி மென்மையாக இருக்கும். ஆனால் வருஷக்கணக்கில் மடித்து வைத்திருந்தால் மடிப்பில் கோரை ஒடிந்திருக்கும், அதைச் சரிசெய்ய முடியாது. சுருட்டி வைத்ததை மட்டும் எடுங்கள்.

சட்டச் சிக்கல் எதிலாவது உண்டா?

உண்டு. இதில் விளையாட்டு வேண்டாம். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், நாணயம் போன்றவை தொல்பொருள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள ஏட்டுச்சுவடி என்றால் எழுபத்தைந்து வருஷமே போதும். வைத்திருப்பதே குற்றம் என்று அர்த்தமில்லை. ஆனால் சிலை போன்ற சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும், வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. துபாயில் இருக்கிற மச்சான் கேட்டார் என்று பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள்.

மண்ணுக்கு அடியில் கிடைப்பது வேறு கணக்கு. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் உள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை இருக்கிற ஆற்றுக்கரை நம்முடையது. கிணறு வெட்டும்போது முதுமக்கள் தாழி வந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லுங்கள். தாழியைத் தூக்கி எடுத்துவிட்டால் அது வெறும் பானை. எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் ஆராய்ச்சிக்காரருக்கு அதனால் பயன் கொஞ்சம்தான்.

ஐம்பொன் சிலை என்று யாராவது ரகசியக் குரலில் பேசினால், போலியாக இருந்தால் பணம் போச்சு, அசலாக இருந்தால் மானமும் போச்சு. எழுந்து வந்துவிடுங்கள்.

பேரம் எப்படிப் பேசுவது?

“எவ்வளவு அண்ணாச்சி?” என்பீர்கள். “நீரு சொல்லும்வே” என்பார். முதலில் வாய் திறக்கிறவருக்கு நஷ்டம் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அதனால் கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும், பாபநாசம் அணையில் தண்ணீர் எவ்வளவு என்பது பற்றியும் பேச்சு நடக்கும். அவசரப்படாதீர்கள். பித்தளை, வெண்கலம் என்றால் அன்றைய எடை விலையைப் புதுப் பாத்திரக்கடையில் விசாரித்துக்கொண்டு போங்கள். எடை விலைக்கு மேல் அவர் கேட்பது எதற்காக என்று கேட்டால், அவர் சொல்லும் காரணத்திலேயே பொருளின் பூர்வீகம் பாதி வந்துவிடும்.

வீட்டில் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். கணவன் போன பிறகு சாமானை ஒழிக்கிற ஒரு ஆச்சியிடம் எடை விலையைச் சொல்லி அள்ளிக்கொண்டு வருவது கெட்டிக்காரத்தனம் அல்ல. பொருள் என்ன, வெளியே என்ன விலைக்குப் போகும் என்று சொல்லிவிட்டு, உங்களால் முடிந்ததைச் சொல்லுங்கள். பல நேரம் “நீயே வச்சுக்கோ ராசா, தண்ணி ஊத்திக் குடி” என்று சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.

வீட்டில் “அந்தச் சவத்த ஏன் வாங்கிட்டு வாரீய?” என்கிறார்கள். என்ன செய்வது?

வாங்கி வந்ததைப் புழங்குங்கள். மச்சில் ஏற்றினால் நீங்கள் ஒரு மச்சைக் காலி செய்து இன்னொன்றை நிரப்பியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அஞ்சறைப்பெட்டியில் கடுகு போடுங்கள், ஈசிச்சேரை வீட்டு முன்பக்கத் தார்சாவில் போட்டு உட்காருங்கள், மரக்காலில் குடையைச் சொருகி வையுங்கள். புழக்கத்துக்கு வந்த பொருளைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை. ஈசிச்சேர் வந்த மறுநாளே அதில் உட்கார உங்களுக்கு இடம் கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆச்சியின் பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்கு விற்கலாமா?

கிழிந்து நைந்துவிட்டது என்றால் விற்கலாம். தெருவில் வருகிறவர்கள் வாங்குவது பட்டுக்காக அல்ல, எரித்தால் தங்கும் வெள்ளிக்காக. முந்தானை நன்றாக இருந்தால் அதை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். குழந்தைக்குப் பாவாடைக் கரை ஆகும்.

எங்களிடம் இருப்பதை விற்க வேண்டும். இணையத்தில் போடலாமா?

போடலாம். வெளிச்சத்தில் படம் எடுத்து, விரிசல், ஒட்டு, முத்திரை எல்லாவற்றையும் காட்டி, எடையும் உயரமும் எழுதுங்கள். துலக்காமல் போடுங்கள்.

பழைய நோட்டு, காசுக்கு லட்சங்கள் தருகிறோம் என்று போனில் வருகிறவர்களிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கமிஷன் என்று உங்களிடம்தான் பணம் கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டுவார்கள். அப்படி யாருக்கும் நாங்கள் அதிகாரம் கொடுக்கவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. வாங்குகிறவன் பணம் கேட்டால் அவன் வாங்குகிறவன் இல்லை. நல்ல விலை வேண்டுமென்றால் நாணயக் கண்காட்சி நடக்கும் ஊருக்கு நேரில் எடுத்துப் போய் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். முதல் ஆள் சொன்ன விலைக்கே கொடுத்துவிடாமல், மூன்றாவது ஆள் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு ஒரு டீ குடித்து யோசியுங்கள்.